கீற்றோன் பொடி குடித்தால் சீனி இறங்குமா?

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்து வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சின் நடுவே அந்த அக்கா உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். கனடாவில் இருக்கும் மகள் பார்சலில் அனுப்பியது. மேலே முழுக்க இங்கிலீஷ் எழுத்து. உள்ளே வெள்ளைப் பொடி.

“தங்கச்சி, நீங்க நாலெழுத்து படிச்சவங்க. இதக் கரைச்சுக் குடிச்சா சீனி எறங்கும், ஒடம்பும் எளைக்குமுன்னு மக சொல்றா. அப்படின்னா ஊசிய நிப்பாட்டிறலாந்தானே?”

அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. 1977 கலவரத்தில் மாத்தளைத் தோட்டங்களிலிருந்து வடக்கே போன குடும்பங்களில் ஒன்று அவருடையது. அப்போது அவர் சிறுபிள்ளை. ஏ9 வீதி கண்டியிலிருந்து மாத்தளை வழியாகத்தான் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போகிறது. போனதும் அந்த வீதிதான், எல்லாம் இழந்து திரும்பி வந்ததும் அந்த வீதிதான். கணவரை 2009இல் பறிகொடுத்தார். செட்டிகுளத்து முகாமில் மயங்கி விழுந்தபோதுதான் சீனி வருத்தம் இருப்பதே தெரிந்தது. இப்போது தம்பி வீட்டில் இருக்கிறார். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி.

அவருடைய கேள்விக்கு வாசலில் உட்கார்ந்தபடி ஒரே சொல்லில் “கூடாது” என்று சொன்னேன். ஏன் கூடாது என்பதைச் சொல்ல இந்தப் பக்கங்கள் தேவைப்படுகின்றன.

கீற்றோன் என்பது புதுப் பொருளல்ல. உங்கள் உடம்பும் என் உடம்பும் அதைச் செய்திருக்கின்றன. நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் சீனியாக மாறி இரத்தத்தில் ஓடுகின்றன. மிச்சத்தில் கொஞ்சத்தை ஈரல் சேமித்து வைக்கும். ஏறத்தாழ ஒரு நாள் பட்டினி கிடந்தால் அந்தச் சேமிப்புத் தீர்ந்துவிடும். அதன் பின் உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. அந்தக் கொழுப்பிலிருந்து ஈரல் செய்து அனுப்பும் எரிபொருள்தான் கீற்றோன். மூளைக்குக் கொழுப்பை நேரே எரிக்கத் தெரியாது, கீற்றோனை எரிக்கத் தெரியும். 1960களில் அமெரிக்காவில் ஜோர்ஜ் காஹில் என்ற வைத்தியரும் அவரோடு வேலை செய்தவர்களும், ஐந்தாறு வாரம் உணவின்றி இருக்கச் சம்மதித்தவர்களை வைத்தியசாலையில் வைத்துப் பார்த்தார்கள். நீண்ட பட்டினியில் மூளைக்குத் தேவையானதில் மூன்றில் இரண்டு பங்கு வரை கீற்றோனே கொடுப்பதை 1967இல் எழுதினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வன்னியின் கடைசி மாதங்கள்தான் நினைவுக்கு வந்தன. பிள்ளைக்குக் கஞ்சியைக் கொடுத்துவிட்டுத் தாங்கள் தண்ணீரோடு படுத்த தாய்மாரை நடமாட வைத்தது இந்தக் கீற்றோன்தான். பட்டினிக் காலத்துக்கென்று உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. அதையே இன்று தொழிற்சாலையில் செய்து, பழவாசனை சேர்த்து, டப்பாவில் அடைத்து விற்கிறார்கள்.

முதலில் இது நம்மைப் போன்றவர்களுக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. களத்தில் சோர்ந்துபோகும் போர்வீரருக்குச் சக்தி தர ஏதாவது கிடைக்குமா என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பொன்று பணம் கொடுத்தது. ரிச்சர்ட் வீச், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக் கீரன் கிளார்க் ஆகியோர் கீற்றோன் எஸ்தர் என்ற பானத்தை உருவாக்கினார்கள். பிறகு சைக்கிள் ஓட்ட வீரர்கள் குடித்தார்கள், அதற்குப் பிறகு மெலிய விரும்புகிறவர்களின் கைக்கு வந்தது. எஸ்தர் வகை விலை கூடியது, சகிக்க முடியாத கசப்பு. சாதாரணமாகக் கடைகளில் கிடைப்பது கீற்றோன் உப்பு என்ற மலிவான வகை. அக்காவின் டப்பாவிலும் அதுதான் இருந்தது.

மெலிவு விஷயத்தைப் பார்ப்போம். பட்டினியில் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துக் கீற்றோன் செய்கிறது என்றால், கீற்றோனைக் குடித்தால் கொழுப்புக் கரையும் என்று நினைப்பது எளிது. விற்கிறவர்களும் அந்த நினைப்பில்தான் விற்கிறார்கள். நடப்பது வேறு. வெளியிலிருந்து கீற்றோன் வந்தால் உடம்பு, “எரிபொருள் வந்துவிட்டது, கொழுப்பைக் கரைப்பதைக் குறை” என்றுதான் எடுத்துக்கொள்ளும். வீட்டில் அடுக்கியிருக்கும் விறகு குறைய வேண்டுமென்று கடையில் விறகு வாங்கி எரிப்பதைப் போன்றது இது. எஸ்தர் வகையைக் குடித்தவர்களுக்குச் சில மணி நேரம் பசி மந்தப்பட்டதாக ஒரு சின்ன ஆய்வு உண்டு. நாட்கணக்கில் குடித்து எடை குறைந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை. போதாத சாப்பாட்டோடு இரத்தச்சோகையும் உள்ள ஒரு பெண்ணுக்குப் பசி மந்தப்பட்டு என்ன ஆகப்போகிறது என்பது வேறு கேள்வி.

சீனி இறங்கும் என்ற பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு. கீற்றோன் பானம் குடித்த சில மணி நேரத்துக்கு இரத்தச் சீனி கொஞ்சம் குறைவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அவை சிறு ஆய்வுகள், குறுகிய காலத்தவை, வைத்தியர் பக்கத்திலிருந்து பார்த்தவை. இதய நோய்க்கும் மறதி நோய்க்கும் உதவுமா என்றும் ஆராய்கிறார்கள், முடிவு வரவில்லை. வலிப்பு நோயுள்ள பிள்ளைகளுக்குக் கொழுப்புக் கூடிய ஓர் உணவுமுறை 1921ஆம் ஆண்டிலிருந்து வைத்தியத்தில் இருக்கிறது. பலன் தந்தது அந்த உணவுமுறை. பொடி விற்கிறவர்கள் அந்தப் பெயரைத் தங்கள் டப்பாவுக்கு இரவல் வாங்கிக்கொள்கிறார்கள்.

இனி ஊசி விஷயம். இதை ஆறுதலாக வாசியுங்கள்.

இரத்தத்தில் சீனி நிறைய இருந்தாலும் இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பால் அதை எடுத்துப் பயன்படுத்த முடியாது. அரிசி மூட்டை வீட்டில் இருக்க, சாவி தொலைந்த கதைதான். உடம்பு அதைப் பட்டினி என்று எண்ணிக் கீற்றோனைச் செய்துகொண்டே போகும். பட்டினியில் இன்சுலின் கொஞ்சமாவது இருந்து கடிவாளம் பிடிக்கும், இங்கே கடிவாளம் இல்லை. கீற்றோன் அளவு மீறி இரத்தம் அமிலமாகும். தாகம், அடிக்கடி சிறுநீர், வயிற்றுவலி, வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழுத்த பழவாசனை, பிறகு மயக்கம். உடனே வைத்தியம் கிடைக்காவிட்டால் உயிர் போகும்.

இன்சுலின் வருவதற்கு முன் இன்சுலின் சுரக்காத வகை நீரிழிவு வந்த பிள்ளைகள் இப்படித்தான் இறந்தார்கள். 1922 ஜனவரியில், இன்று எங்கள் சொந்தங்கள் பெருந்தொகையாக வாழும் அதே ரொறன்ரோவில், லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக ஊசி போட்டார்கள். இரண்டாம் முறை சுத்திகரித்த மருந்து போட்டபோது சீனி இறங்கியது, சிறுநீரில் இருந்த கீற்றோனும் மறைந்தது. பையன் பிழைத்தான். அந்த நகரம் இருக்கும் நாட்டிலிருந்தே நூறு வருடத்துக்குப் பின் கீற்றோன் பொடி வந்து, ஊசியை நிறுத்தலாமா என்று ஒரு தாயைக் கேட்க வைக்கிறது. மகளில் குற்றமில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளை, அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு.

ஊசி போடுகிறவர்கள் மட்டுமல்ல, எம்பாகிளிஃப்ளோசின், டப்பாகிளிஃப்ளோசின் என்ற குளிசைகள் குடிக்கிறவர்களும் கவனிக்க வேண்டும். இவற்றால் இரத்தச் சீனி பெரிதாக ஏறாமலே கீற்றோன் ஏறி ஆபத்து வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015இல் எச்சரித்தது. பொடியும் குடித்துக்கொண்டு வருத்தமாகி வைத்தியசாலைக்குப் போனால், இரத்தத்தில் உள்ள கீற்றோன் நோயால் வந்ததா பொடியால் வந்ததா என்று வைத்தியருக்கே குழப்பம் வரும். குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், யாரும் ஏசமாட்டார்கள். ஏசினாலும் பரவாயில்லை.

கீற்றோன் உப்பு என்ற பெயரில் உள்ள உப்பு வெறும் பேச்சுக்கல்ல. சில வகைகளில் ஒரு வேளைப் பொடியிலேயே ஒரு கிராம் அளவு சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் 2 கிராமுக்குக் கீழே என்கிறது. பிரஷர் உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இது பாரம். மாத்தளை மாவட்டத்தில் வில்கமுவப் பக்கம் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் எத்தனை வீடுகளைத் தின்றிருக்கிறது என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். வயிற்றுப்போக்கு, குமட்டல், தலையிடி ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தொடவே வேண்டாம், அவர்கள் உடம்பில் கீற்றோன் சும்மாவே சீக்கிரம் ஏறும்.

வெளிநாட்டு டப்பாவை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. அதே ஏ9 வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களில் உல்லாசப் பயணிகளுக்கு மெலியவைக்கும் தைலமும் கசாயமும் விற்கப்படுவதை மாத்தளைக்காரர் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெள்ளைக்காரர் இங்கே வந்து நம்மூர் போத்தலை வாங்குகிறார், நாம் அவர்கள் ஊர் டப்பாவை வாங்குகிறோம்! இலங்கையில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2018–2019 நாடளாவிய ஆய்வு காட்டியது. வருத்தக்காரர் கூடக் கூட விற்கிறவர்களும் கூடத்தானே செய்வார்கள்.

விரதம் பற்றியும் பலர் கேட்கிறீர்கள். கந்தசஷ்டியோ, கேதார கௌரியோ, நோன்போ, ஊசி போடுகிறவர்கள் விரதம் தொடங்குமுன் கிளினிக்கில் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். காய்ச்சல், வாந்தி வந்த நாளிலும் அப்படித்தான். “சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு” என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். வாந்தியோடு மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும். 35 வயது தாண்டியவர்கள் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் சீனியும் பிரஷரும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். எந்த நாளில் என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

அக்கா அடுத்த கிளினிக்குக்கு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார். வைத்தியர் லேபலை வாசித்துவிட்டு, வேண்டாம், ஊசியை ஒரு வேளையும் விடாதீர்கள் என்று கொப்பியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அக்காவுக்கு ஊசிபற்றி இப்போது சந்தேகமில்லை. அவருடைய கவலை வேறு. அப்படிப்பட்ட டப்பா அங்கே 40 டொலருக்கு மேல். 2024 செப்டெம்பரில் அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். பல நாள் பேர் போட்ட காசு.

“மகளுக்கு என்னான்னு சொல்ல, தங்கச்சி? ராத்திரி வேலைக்கும் போயி அனுப்பிருக்கா.”

அடுத்த தடவை பொடிக்குப் பதிலாகச் சீனி பார்க்கும் மெசினுக்கான ஸ்டிரிப்பை அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். மெசின் தம்பி வீட்டு அலுமாரியில் இருக்கிறது, ஸ்டிரிப் முடிந்து நாலு மாதமாகிறதாம். அன்றிரவே மகளுக்குப் பேசியிருக்கிறார்.