பெற்றோரின் தொண்டைப் புற்றுநோய்ச் சிகிச்சையும் குடும்பத்தின் பொறுப்பும்

நமது நாட்டில் 2022ஆம் ஆண்டில் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளானோர் 14 இலட்சத்துக்கும் மேற்பட்டவர் என மதிப்பிடப்பட்டுள்ளது. வாய், தொண்டை, குரல்வளை ஆகியவற்றைத் தாக்கும் புற்றுநோய்களுக்கு இத்தொகையில் பெரும் பங்கு உண்டு. புகையிலையும் மதுவும் இவற்றின் முதன்மையான காரணங்களாகும். 2016-17இல் நடைபெற்ற நாடளாவிய ஆய்வின்படி, வயது வந்தோரில் 28.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். நெடுங்காலம் பீடி புகைத்த ஒருவர் ஐம்பது, அறுபது வயதில் இந்நோய்க்கு ஆளாகும்போது, அவரைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் அவருடைய மக்களையே சாருகிறது. அப்பொறுப்பு வெறும் அன்புக் கடமை மட்டுமன்று. சிகிச்சையின் வெற்றி தோல்வியை நிர்ணயிக்கும் காரணிகளுள் அதுவும் ஒன்றாகும்.

இடைவிடாமையின் இன்றியமையாமை

மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல், விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி ஆகியவை மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள். குரல் நாணில் தோன்றும் புற்றுநோயைத் தொடக்க நிலையிலேயே கண்டறிந்தால், பத்தில் ஒன்பது பேர் வரை குணமடைய வாய்ப்புண்டு. முற்றிய நிலையில் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவற்றை இணைத்தே அளிக்க வேண்டியிருக்கும்.

கதிர்வீச்சுச் சிகிச்சை பொதுவாக வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 அல்லது 7 வாரங்களுக்கு அளிக்கப்படுகிறது. மூன்றாம் வாரத்தை ஒட்டி வாயும் தொண்டையும் புண்ணாகின்றன, உமிழ்நீர் வற்றுகிறது, உணவின் சுவை தெரிவதில்லை. ‘இனிப் போதும், ஊருக்குப் போகலாம்’ என நோயாளி சொல்லத் தொடங்குவது பெரும்பாலும் இக்கட்டத்தில்தான். ஆனால் குறித்த காலத்துக்கு மேல் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பை ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைக்கிறது. எனவே நோயாளி நாள் தவறாமல் சிகிச்சைக்குச் செல்வதை உறுதி செய்வதே குடும்பத்தின் தலையாய பணி எனலாம்.

கணக்கில் வராத செலவு

மருத்துவமனைக் கட்டணத்தை மட்டுமே செலவாகக் கருதுவது முழுமையான கணக்காகாது. ஏழு வாரம் என்பது 49 நாள். கூலி வேலை செய்யும் தந்தையும் துணைக்குச் செல்லும் மகனும் இக்காலத்தில் இழப்பது 98 மனித நாள்கள். 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டு முழுமைக்கும் உறுதியளித்த வேலை 100 நாள் என்பதை இதனுடன் ஒப்பு நோக்கினால் இழப்பின் அளவு விளங்கும். துணைக்குச் செல்பவர் மகளோ மருமகளோ ஆயின், அவருடைய உழைப்பு நாட்டு வருமானக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை.

கிழக்கு, வட மாநிலங்களிலிருந்து சிகிச்சைக்காக மும்பை வரும் குடும்பங்களுள் சில, 1941இல் தொடங்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையைச் சூழ்ந்த பரேல் பகுதி நடைபாதைகளில் தங்குவதும் உண்டு. வாரணாசி, முசாபர்பூர், குவாகாத்தி போன்ற நகரங்களில் சிகிச்சை வசதி பெருகி வருவது இச்சுமையைக் குறைக்கும்.

உண்மையும் உணவும்

நோயின் பெயரைப் பெற்றோரிடம் மறைக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. அன்பின் காரணமாகவே மறைத்தாலும், எதற்காக இத்துயரைத் தாங்குகிறோம் என்பதை அறியாதவர் அதைத் தொடர்ந்து தாங்க இசைவது அரிது. குரல்வளையை முழுதும் அகற்ற நேரும்போது இது மேலும் முக்கியமாகிறது. அதன்பின் கழுத்தில் அமைக்கப்படும் துளை வழியாகவே மூச்சு விட வேண்டும். இயல்பான குரல் திரும்பாது. உணவுக்குழாய் வழிப் பேச்சு, மின்கருவி, செயற்கைக் குரல் அடைப்பான் ஆகிய மூன்று வழிகளில் மீண்டும் பேசப் பயிலலாம். இவற்றை முன்கூட்டியே விளக்கி, முடிவை நோயாளியின் விருப்பத்துக்கு விடுவதே முறை. புகைத்த பழக்கத்தைச் சுட்டிப் பழிப்பதால் பயனில்லை. அதை இப்போதேனும் நிறுத்த உதவுவதே பயன் தரும்.

கதிர்வீச்சு தொடங்குமுன் பற்களைப் பரிசோதித்தல், வாரந்தோறும் எடை பார்த்தல், காரமும் சூடும் இல்லாத கஞ்சி, பால், முட்டை, நன்கு மசித்த பருப்பு ஆகியவற்றைச் சிறுகச் சிறுகக் கொடுத்தல், விழுங்கும் பயிற்சியை நாள்தோறும் செய்வித்தல் ஆகியவை வீட்டார் செய்யத்தக்கவை. எடை வேகமாகக் குறைந்தால் மூக்குவழிக் குழாய் மூலம் உணவளிக்க மருத்துவர் பரிந்துரைக்கலாம். அது பெரும்பாலும் தற்காலிக ஏற்பாடே. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அரசின் உதவியும் அலுவலர் கடமையும்

2018இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழி செய்கிறது. 2024இல் இது வருமான வரம்பின்றி 70 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு விரிவுபடுத்தப்பட்டது. சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு மருத்துவமனை வழங்கும் உரிய படிவச் சான்று தேவை. இவ்வுதவிகள் பெரிதும் பயனுள்ளவை. எனினும் குடும்பத்தின் கூலி இழப்பை இவை ஈடு செய்வதில்லை.

ஆகவே, உடன்பிறந்தோர் தமக்குள் முறை வைத்துத் துணையிருப்பதும், சிகிச்சை தொடங்குமுன்பே ஏழு வாரங்களுக்கான தங்குமிடம், பணம், ஆள் ஆகியவற்றைத் திட்டமிடுவதும் அவசியம். அடையாள அட்டை, வருமானச் சான்று, விடுப்பு விண்ணப்பம் என ஏதேனும் ஒரு தாளுக்காக இக்குடும்பங்கள் அலுவலகங்களை நாடி வருகின்றன. அத்தாளை மறுநாளைக்கு ஒத்திப்போடும் அலுவலர், ஒரு நாள் சிகிச்சை தவறவும் காரணமாகக்கூடும். மாவட்ட மருத்துவமனைகளிலேயே வழிகாட்டும் பணியாளரை அமர்த்துவதும், சிகிச்சை மையங்களுக்கு அருகில் குறைந்த வாடகைத் தங்கும் விடுதிகளைப் பெருக்குவதும் மாநில அரசுகளும் உள்ளாட்சி அமைப்புகளும் முன்னுரிமை அளிக்க வேண்டிய பணிகளாகும்.