4,256 பந்துகள்

அமெரிக்காவில் ஓஹையோ நதிக்கரையிலே ஸின்ஸினாட்டி என்று ஒரு நகரம் இருக்கிறது. பேஸ்பால் ஆட்டக்காரர் அனைவருக்கும் பகிரங்கமாகச் சம்பளம் கொடுத்து ஆடச் செய்த முதல் கோஷ்டி, 1869-ஆம் வருஷத்தில் இங்கேதான் உதயமாயிற்று. அதன் தலைவர் ஹாரி ரைட், இங்கிலாந்தில் பிறந்தவர். முன்பு கிரிக்கெட்டே அவர் தொழில். நம் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்! அவ்வருஷம் அக்கோஷ்டி 57 பந்தயங்களில் வென்றது, ஒன்றிலேனும் தோற்கவில்லை.

அந்த மரபைக் கொண்டாடும் 'ரெட்ஸ்' கோஷ்டியின் கீர்த்தி மண்டபமும் காட்சிச்சாலையும் மைதானத்தை ஒட்டியே இருக்கின்றன. 2004-இல் திறக்கப்பட்ட கட்டடம். மட்டைகள், கையுறைகள், கோப்பைகள் எல்லாம் வழக்கம்போல் உண்டு. நான் பிரமித்து நின்றது ஒரு சுவரின் முன்னேதான். மூன்று மாடி உயரத்துக்குப் பந்துகள், பந்துகள், பந்துகள்! எண்ண ஆரம்பித்து, நூறைத் தாண்டுவதற்குள் கணக்கைத் தவறவிட்டேன். மொத்தம் 4,256. பீட் ரோஸ் என்பவர் பந்தை அடித்துவிட்டு, ஆட்டமிழக்காமல் தளம் சேர்ந்த தடவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்து. இன்று வரை அந்த எண்ணிக்கையை எட்டினவர் எவருமில்லை.

ரோஸ் அவ்வூரிலேயே பிறந்தவர். தலையை முன்னே நீட்டித் தரையில் பாய்ந்து தளத்தைத் தொடுவார். ஜனங்களுக்கு அவர் செல்லப்பிள்ளை. ஆயினும் கோஷ்டியின் நிர்வாகியாயிருந்தபோது, பேஸ்பால் பந்தயங்களின்மேல் பணம் வைத்துச் சூதாடினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1989-இல் நிரந்தரமாக விலக்கப்பட்டார். பதினைந்து வருஷகாலம் மறுத்துவந்தவர், 2004-இல் ஒப்புக்கொண்டார். தம் கோஷ்டி ஜயிக்கும் என்றே பணம் வைத்ததாக அவர் சொன்னார்.

"அதனாலென்ன மோசம்?" என்று சிலர் கேட்கலாம். இந்த நகரத்தார் அப்படிக் கேட்பதற்கில்லை. 1919-இல் ரெட்ஸ் வென்ற முதல் உலகப் பந்தயத்தின் கீர்த்தியே சூதாடிகளால் மாசுபட்டது. எதிர்த்து ஆடிய சிகாகோ கோஷ்டியில் எட்டுப் பேர், வேண்டுமென்றே தோற்கும் சதியில் சம்பந்தப்பட்டார்களென்று பிற்பாடு விலக்கப்பட்டனர். கோர்ட்டு விடுதலை செய்தும் தடை நீங்கவில்லை. யோக்கியமாக ஆடிய ரெட்ஸ் வீரர்கள், "மெய்யாகவே ஜயித்தோமா?" என்ற சந்தேகத்தைச் சுமக்க நேர்ந்தது. அந்த அநியாயத்தை யார் ஈடு செய்வது?

தேசம் முழுவதற்கும் பொதுவான கூப்பர்ஸ்டவுன் மண்டபம் ரோஸ் உயிரோடிருந்தவரை அவருக்குத் திறக்கவில்லை. சொந்த ஊர் மண்டபமோ 2016-இல் அவரை ஏற்றுக்கொண்டது. அது சரியென்றே எனக்குத் தோன்றுகிறது. சூதாடியதற்காகத் தருமபுத்திரரை நாம் தள்ளிவிடவில்லை. சூதுப் படலத்தைப் பாரதத்திலிருந்து கிழித்தெறியவுமில்லை. 2024-இல் ரோஸ் காலமானார். அடுத்த வருஷம் மே மாதத்தில்தான் தடை நீக்கப்பட்டது.

வெளியே வந்தேன். பக்கத்தில் சிறு ரோஜாத் தோட்டம். முன்பு அவ்விடத்தில் பழைய மைதானம் இருந்தது. 1985 செப்டம்பர் 11-ந் தேதி ரோஸ் தமது 4,192-ஆவது அடியை அடித்து, டை காப் என்பவரின் நெடுங்கால சாதனையைக் கடந்தார். அந்தப் பந்து விழுந்த இடத்தில் ஒரேயொரு வெள்ளை ரோஜாச் செடியை நட்டிருக்கிறார்கள்.