10,080 காரணிகள் கொண்ட ஓர் எண்

67,46,32,83,88,800. வாய்விட்டுச் சொன்னால் ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்துச் சொச்சம் கோடி. இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 10,080 இருக்கின்றன. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் 1915-இல் ராமானுஜன் வெளியிட்ட ‘உயர் பகு எண்கள்’ பட்டியலின் கடைசி எண் இது.

அத்தனை காரணிகளையும் ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் போதும். இதில் 2 ஆறு முறை வருகிறது, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை. 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒரே ஒரு முறை. ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ அடியோடு விட்டுவிடலாம், அல்லது ஆறு முறை வரை சேர்க்கலாம். ஆக ஏழு வழிகள். 3-க்கு ஐந்து, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற ஐந்துக்கும் இரண்டிரண்டு. இவற்றைப் பெருக்கினால் 10,080.

காரணிகளின் எண்ணிக்கையில் தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும் முந்துவதே உயர் பகு எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை போகிறது. பட்டியலைவிட, இந்த எண்களின் அமைப்பை ராமானுஜன் நிரூபித்ததுதான் பெரிது. மேலே சொன்ன எண்ணில் 3-ஐ ஆறு முறையும் 2-ஐ நான்கு முறையும் வைத்துப் பாருங்கள். காரணிகள் அதே 10,080தான். எண்ணோ இரண்டேகால் மடங்காகிவிடும். எனவே உயர் பகு எண்ணில் சிறிய பகா எண்ணின் அடுக்கு பெரியதன் அடுக்கைவிட ஒருபோதும் குறையாது. கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். விதிவிலக்கு 4, 36 இரண்டு மட்டுமே.

இந்த ஆய்வுக்காகத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது. ராமானுஜனையும் 1729 என்ற எண்ணையும் பற்றிய கதையைச் சொல்லும் பாடநூல்கள் இதையும் சொல்ல வேண்டும். அடுக்குகளை இடம் மாற்றிப் பார்க்கும் வாதம் பள்ளி மாணவருக்கும் எட்டக்கூடியதுதான்.

பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது. 5,040 காரணிகள் கொண்டது.

போர்க்காலப் பணமுடையால் கழகம் கட்டுரையை முழுதாக அச்சிடவில்லை. மீதி 1997-இல்தான், பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் நிகோலா, ரோபன் இருவரின் குறிப்புகளோடு வெளிவந்தது. இன்னும் நிரூபிக்கப்படாத ரீமன் கருதுகோள் உண்மையானால், போதுமான அளவு பெரிய எண்களின் காரணிகளுடைய கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் அடங்கும் என்பது அதில் இருக்கிறது. அந்த வரம்பைத் தாண்டிய எண்களில் தெரிந்தவரை கடைசி 5,040. அதற்கு மேல் ஒரே ஓர் எண் தாண்டினாலும் கருதுகோள் பொய். எதுவும் தாண்டாவிட்டால் மெய் என்று 1984-இல் ரோபன் நிரூபித்தார். அப்படித் தாண்டும் எண் இதுவரை அகப்படவில்லை.