விளக்கின் உஷ்ணமும் காற்றின் மார்க்கமும்

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியாக விளங்கும் பழவேற்காட்டின் கரையிலுள்ள மீனவர் குப்பங்களில், முன்பு அரிக்கேன் விளக்கு எரிந்த வாசல்களிலும் தெருமுனைகளிலும் இன்று எல்.இ.டி. விளக்குகள் பிரகாசிக்கின்றன. எல்.இ.டி. வெளிச்சம் காட்டிக் கடலில் மீன் பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்துவிட்டது. ஆகவே இங்கு நாம் கருதுவது வீட்டுக்கும் வீதிக்கும் உரிய விளக்கையே. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தரும் இச்சாதனம் உஷ்ணமே அற்றது என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையே அதன் ஆயுளைக் குறைத்துவிடுகிறது.

பழைய இழை பல்பு தன் வெப்பத்தின் பெரும்பகுதியைக் கதிர்களாக வெளியே வீசிவிடும். எல்.இ.டி.யோ, தான் கொள்ளும் மின்சாரத்தில் பொதுவாகப் பாதிக்கு மேல் வெப்பமாக மாற, அவ்வெப்பம் முழுவதையும் ஒரு சிறு சில்லின் முதுகுப்புறமாகவே இறக்குகிறது. அதை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பதற்காகவே பின்புறத்தில் அலுமினியத் தகடுகள் அமைந்திருக்கின்றன. அவ்வழி அடைபட்டால் ஒளி மங்கும், நிறம் திரியும். மின்சுற்றிலுள்ள மின்தேக்கியோ, வெப்பம் 10 டிகிரி ஏறுந்தோறும் ஏறக்குறையப் பாதி ஆயுளை இழக்கும்.

மேடை விளக்கு போன்ற சக்தி மிக்க சாதனங்களில் விசிறி வைப்பதுண்டு. அவ்விசிறி குளிர்ந்த வெளிக்காற்றைத் தகடுகளின் அடிவேர்வரை ஊதும்படி அமைந்தால், காற்று கலங்கிப் பாய்ந்து வெப்பத்தை விரைவாகக் கவர்வதோடு, விசிறியும் சூடான காற்றில் வேகாமல் நெடுநாள் உழைக்கும். அதையே உறிஞ்சும்படி திருப்பி மாட்டினால், சுட்ட காற்று முழுவதும் அதன் மோட்டாரின் வழியாகவே போக நேரிடும். மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகள் உள்ள பக்கமாகவே பெரும்பாலான சிறு விசிறிகள் காற்றைத் தள்ளும். ஊதுவத்திப் புகையை அருகே காட்டினால் ஐயம் தீரும். எனினும் திசையைக் காட்டிலும் பிரதானமானது ஒன்றுண்டு: உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் வேறு வேறாக, முன்னது கீழேயும் பின்னது மேலேயும் இருத்தல் வேண்டும். மூடிய பெட்டிக்குள் சுழலும் விசிறி, தான் சூடாக்கிய காற்றையே மீண்டும் மீண்டும் சுற்றிவரச் செய்கிறது.

உப்பும் ஈரமும் கலந்த ஏரிக்காற்றோ விசிறியின் தாங்கியை அரித்துவிடும். ஆதலால் குப்பங்களின் வீதிக்கு ஏற்றது, விசிறியே இன்றி, அகன்ற தகடுகள் செங்குத்தாக நிற்கும்படி அமைந்த விளக்காகும்; சூடேறிய காற்று இலேசாகி அத்தகடுகளின் இடைவெளி வழியே தானே மேலெழ, அதன் இடத்தைக் கீழிருந்து குளிர்ந்த காற்று வந்து நிரப்பும். தகடுகளில் உப்பும் தூசும் படியாமல், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அவ்வப்போது துடைப்பது அவசியம்.

வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று திசைதோறும் காற்றை அறிந்து தொழில் நடத்தும் மக்களுக்கு, காற்றுக்கு வழிவிட வேண்டும் என்னும் இவ்வுண்மை புதிதன்று. மழைக்கும் பூச்சிக்கும் அஞ்சி விளக்கின் முதுகைத் துணியாலோ பலகையாலோ மூடிவிடாமல், வாட் எண்ணைப் பார்க்குமுன் பின்புறத் தகடுகளைப் பார்த்து வாங்குவோமாயின், உழைப்பால் ஈட்டிய பணம் வீணாகாது.