சித்தியின்ர கடைக்கு ஹெல்ப்டெஸ்க் வேணுமா?

போன எபிசோட்டில் ஹெல்ப்டெஸ்க் மென்பொருள் பற்றி ரெண்டு நிமிசம்தான் கதைச்சேன். அதுக்குப் பிறகு வந்த கேள்வியெல்லாம் கிட்டத்தட்ட ஒண்டுதான்: "அம்மா அப்பாவின்ர கடைக்கு எதை எடுக்கிறது?" ஒலியில் விட்டதை இங்க எழுத்தில் சொல்லிப் பாக்கிறேன்.

எனக்கு இதில் அக்கறை வந்தது ஒரு சாப்பாட்டு ஓடரால. லாசாலில், நியூமன் புலிவார் பக்கம், என்ர சித்தி கேட்டரிங் செய்யிறா. சித்தி, தங்கச்சி, சனி ஞாயிறில் உதவிக்கு வாற ஒரு யூனிவர்சிட்டிப் பிள்ளை, மொத்தம் மூண்டு பேர். ஒரு வீட்டில் 31ஆம் நாளுக்கு அறுபது பேருக்கு மரக்கறிச் சாப்பாடு சொல்லியிருந்தவை, ஞாயிற்றுக்கிழமைக்கு. ஐயருக்கு ஞாயிறு ஏலாமப் போனதால, "சனிக்கு மாத்திறம்" எண்டு அந்த வீட்டு மகள் இன்ஸ்டாகிராமில் எழுதியிருக்கிறா. தங்கச்சி அதைப் பாத்து ஒரு ஹார்ட் போட்டிட்டா. அம்மாவுக்குத் தெரியும் எண்டு நினைச்சாவாம். சனி காலமை ஒன்பது மணிக்குப் போன்: "அக்கா, சாப்பாடு எத்தினை மணிக்கு வரும்?"

ரெண்டரைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. சித்தி காசு வாங்கேல்ல. ஆனா செத்த வீட்டுக்காரரைப் பசியோட இருக்க வைச்சது அவவுக்கு இண்டைக்கும் மனசில் இருக்கு.

அடுத்த நாள் நான் லாப்டாப்போட போய் நிண்டேன். "சித்தி, இதுக்கு ஒரு சொஃப்ட்வெயர் இருக்கு." அவசரப்பட்டிட்டேன் எண்டு பிறகுதான் விளங்கிச்சு.

ஹெல்ப்டெஸ்க் அடிப்படையில் என்ன செய்யுது? வாற ஒவ்வொரு செய்தியையும் ஒரு டிக்கெட் ஆக்குது. அதுக்கு ஒரு எண், ஒரு பொறுப்பாளர், ஒரு நிலை: புதுசு, காத்திருக்கு, முடிஞ்சுது. அவ்வளவுதான். "பாத்தாச்சு" வேற, "முடிஞ்சுது" வேற எண்டதை அது மறக்க விடாது. ரெண்டு பேர் ஒரே ஆளுக்குப் பதில் எழுதத் தொடங்கினா, "இன்னொராள் இதில் நிக்கிறார்" எண்டும் காட்டும். மற்ற அலங்காரமெல்லாம், ரிப்போர்ட், எஐ பொட், நட்சத்திர மதிப்பீடு, இதுக்கு மேல பூசின சாயம். தங்கச்சி போட்ட ஹார்ட்டுக்கும் சித்தியின்ர அடுப்புக்கும் நடுவில் இல்லாமப் போனது அந்த "பொறுப்பாளர்" எண்ட ஒரு கட்டம்தான்.

இந்தச் சந்தையில் முதல் கண்ணில் படுற பேர்களில் ரெண்டு சென்னைப் பேர்: ஃப்ரெஷ்டெஸ்க், ஸோஹோ டெஸ்க். மற்றது ஸென்டெஸ்க், 2007இல் கோபன்ஹேகனில் தொடங்கினது. "எங்கட ஆக்கள் செய்தது, அதை எடுப்பம்" எண்டு எனக்கும் கை துடிச்சது. ஆனா ஃப்ரெஷ்டெஸ்க் பிறந்த கதையே அப்பிடி வாங்காதீங்கோ எண்டுதான் சொல்லுது.

கிரிஷ் மாத்ருபூதம் திருச்சிக்காரர், ஸோஹோவில் வேலை செய்தவர். அமெரிக்காவில் ஆஸ்டினில் இருந்து சென்னைக்கு வீடு மாறேக்க அவரின்ர டிவி உடைஞ்சு வந்தது. இன்சூரன்ஸ் காசுக்கு எத்தினையோ தரம் எழுதியும் போன் எடுத்தும் நடக்கேல்ல. இந்தியாவுக்குத் திரும்புற ஆக்கள் கூடுற ஒரு இணைய மன்றத்தில் விசயத்தை எழுதின பிறகுதான் காசு வந்தது. பிறகு 2010இல் ஸென்டெஸ்க் விலையைத் திடீரெண்டு ஏத்த, பழைய வாடிக்கையாளர் கொதிச்சுப் போச்சினம். சரியான விலைக்கு இன்னொண்டு செய்தா சந்தை இருக்கு எண்ட மாதிரி ஹாக்கர் நியூஸில் ஒராள் எழுதினதைக் கிரிஷ் வாசிச்சார். அந்த வருசமே ஷான் கிருஷ்ணசாமியோட சேந்து ஃப்ரெஷ்டெஸ்கைத் தொடங்கினார். 2021 செப்டம்பரில் அது, ஃப்ரெஷ்வொர்க்ஸ் எண்ட பேரில், நாஸ்டாக்கில் ஏறி நூறு கோடி டொலருக்கு மேல திரட்டிச்சு. (ஸோஹோ 2020இல் அமெரிக்காவில் ஃப்ரெஷ்வொர்க்ஸுக்கு மேல வழக்குப் போட்டு, பிறகு சமாதானமானது. அது தனி எபிசோட்டுக்கு உரிய கதை.)

ஸென்டெஸ்க் அண்டைக்கு மன்னிப்புக் கேட்டு, பழைய ஆக்களுக்குப் பழைய விலையையே விட்டது. இருந்தாலும் என்ன நடந்தது எண்டு பாருங்கோ: ஒருத்தன்ர எல்லாக் கடிதமும் இன்னொருத்தன்ர பெட்டியில் இருக்கேக்க, பெட்டிக்காரன் வாடகையை ஏத்தலாம். சென்னைப் பெட்டிக்கும் இது பொருந்தும். அதால நான் முதல் பாத்தது விலையை இல்லை, வெளியில வாற கதவை. பழைய டிக்கெட், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாத்தையும் ஒரு சிஎஸ்வி கோப்பா இறக்கலாமா? இலவசத் திட்டத்திலயும் ஏலுமா? டிரயல் நேரத்திலயே ஒருக்கா இறக்கிப் பாருங்கோ. விற்பனைக்காரரைக் கேக்கத் தேவையில்லை.

விலை எண்டா, கூடுதலா ஆளுக்கு, மாதத்துக்கு எண்டு கணக்கு. 20 டொலர் சின்னனாத் தெரியும். மூண்டு பேருக்கு வருசத்துக்கு 720. சனி ஞாயிறு மட்டும் வாற பிள்ளைக்கும் முழுக்காசு. உடன மூண்டு பேரும் ஒரே பாஸ்வேர்டைப் பாவிப்பம் எண்டு எங்கட வீட்டு மூளை வேலை செய்யும். அப்பிடிச் செய்தா ஆர் பொறுப்பு எண்டு தெரியாது. பிறகு எதுக்கு அந்த மென்பொருள்?

கியூபெக்கில் இன்னும் ரெண்டு விசயம் இருக்கு. சட்டம் 25இன்படி, ஒரு தொழிலில் தனிப்பட்ட தகவலுக்குப் பொறுப்பானவர், வேற ஆரையும் நியமிக்காட்டி, அதின்ர தலைமையில் இருக்கிற ஆள்தான். அதாவது சித்தி. "எனக்கு என்ன தகவல் இருக்கு அப்பன்?" எண்டு கேட்டா. "கச்சான் அலர்ஜி ஆருக்கு எண்டு எழுதி வைச்சிருக்கிறீங்களே சித்தி, அது உடல்நலத் தகவல்." 2023 செப்டம்பரில் இருந்து, இப்பிடியான தகவலைக் கியூபெக்குக்கு வெளியில அனுப்ப முதல் அங்க அதுக்கு என்ன பாதுகாப்பு எண்டு ஒரு மதிப்பீடு செய்யோணும். சேர்வர் எங்க இருக்கு எண்ட கேள்வி இதாலதான் முக்கியம். ஸோஹோவுக்கு மொன்றியலிலயும் டொராண்டோவிலயும் டேட்டா சென்டர் இருக்கு. மற்றவையைப் பதிவு செய்யேக்க எந்த நாடு எண்டு பாத்துப் பதியுங்கோ, பிறகு மாத்திறது பெரிய வேலை.

மற்றது பிரெஞ்சு. வாடிக்கையாளருக்குப் பிரெஞ்சில் சேவை பெறுற உரிமை 1977 மொழிச் சட்டத்தில் இருந்தே இருக்கு. தானாப் போற "உங்கள் செய்தி கிடைச்சது" கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தா சரிவராது. எங்களுக்கு இன்னும் ஒரு சிக்கல்: சித்திக்கு வாற செய்தி "அண்டி, 40 ரோல்ஸ், பா எபிசே, பின்னேரம் வாறம்" எண்டு ஒரே வரியில் மூண்டு மொழி, அதுவும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில். நான் சோதிச்ச பொட் ஒண்டு இதுக்கு மன்னிப்புக் கேட்டிட்டுப் படுத்திட்டுது.

கடைசியில் நாங்கள் செய்தது இதுதான். ஒரு கிழமை குளிர்ப்பெட்டிக் கதவில் தாள் ஒட்டி, எங்கால செய்தி வருகுது எண்டு கோடு போட்டம். முக்கால்வாசி வாட்ஸ்அப். அதுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பே போதும், இலவசம், லேபிள் போடலாம், தங்கச்சியின்ர போனையும் இணைக்கலாம். ஹெல்ப்டெஸ்கோட வாட்ஸ்அப்பை இணைக்கிற வழி வேற, அதுக்கு விதியும் வேற: வாடிக்கையாளர் கடைசியா எழுதி 24 மணித்தியாலம் கடந்தா, முன்கூட்டி அனுமதி எடுத்த வசனத்தைத்தான் அனுப்பலாம். ரெண்டு நாள் கழிச்சு "அண்ணை, கத்தரிக்காயா வாழைக்காயா?" எண்டு கேக்கிற சித்திக்கு அது சரிவராது. இன்ஸ்டாகிராமில் "ஓடருக்கு இந்த நம்பருக்கு எழுதுங்கோ" எண்டு பிரெஞ்சிலயும் ஆங்கிலத்திலயும் தானியங்கிப் பதில். ஒபிஸ்காரர் அனுப்புற ஈமெயில் மட்டும் ஸோஹோ டெஸ்கின்ர இலவசத் திட்டத்துக்குப் போகுது. மூண்டு பேருக்கும் தனித்தனி லொகின்.

லேபிள் மூண்டுதான் வைச்சம். அதில் ஒண்டுக்குத் தங்கச்சி "அம்மாவுக்குச் சொல்லியாச்சு" எண்டு பேர் வைச்சிருக்கிறா. போன மாதம் அந்த வீட்டுக்காரர் ஆட்டைத்திவசத்துக்கு எண்பது பேருக்குக் கேட்டு எழுதியிருக்கினம். லேபிள் விழுந்து இருந்தது. சித்தி ஆப்பை நம்பேல்ல. போன் எடுத்து நாளையும் நேரத்தையும் ரெண்டு தரம் கேட்டிட்டுத்தான் வைச்சா.