எல் நினோ: மேட்டூருக்கு ஒரு கணக்கு, ஏரிகளுக்கு வேறு கணக்கு

‘எல் நினோ வருகிறது, மழை பொய்க்கும்’ என்ற செய்தியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படிக்கிறோம். வட இந்திய விவசாயிக்கு அது பெரும்பாலும் பொருந்தும். தமிழ்நாட்டுக்குப் பாதிதான் பொருந்தும். மீதிப் பாதிக்கு அது தலைகீழ்.

2015ஐ நினைத்துப் பாருங்கள். பசிபிக் பெருங்கடலில் மிகப் பலமான எல் நினோ. நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழை சராசரியைவிட 14 சதவீதம் குறைந்தது. அதே எல் நினோ நீடித்துக்கொண்டிருந்த கார்த்திகையில், டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 செ.மீ. பதிவாகிச் சென்னை மூழ்கியது.

பசிபிக்கின் நடுப்பகுதியில் வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று வீசும். வெயிலில் சூடேறிய மேல்நீரை அது இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவித்துவிடும். அங்கே கடல் மட்டமே தென் அமெரிக்கக் கரையைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயர்ந்திருக்கும். சூடான நீர் உள்ள இடத்தில்தான் ஈரக்காற்று மேலெழும்பி மழையாகும். காற்று தளர்ந்தால் குவிந்த வெந்நீர் கிழக்கே திரும்பி வழிகிறது. கிறிஸ்துமஸை ஒட்டித் தங்கள் கடல் சூடாவதைக் கண்ட பெரு நாட்டு மீனவர்கள், குழந்தை இயேசுவின் நினைவாக வைத்த பெயர்தான் எல் நினோ.

வெந்நீர் நகர்ந்தால் மழையும் அதன் பின்னே போகிறது. மேலெழும் காற்று பசிபிக்கின் நடுவே இடம் மாறுவதால், தென்மேற்குப் பருவத்தில் இந்தியாவின் மேல் காற்று கீழே இறங்கத் தொடங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் திரளாது. குடகிலும் வயநாட்டிலும் மழை குறைந்தால் காவிரி மெலியும். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்குமா என்ற கவலை டெல்டாவைப் பிடித்துக்கொள்ளும்.

ஐப்பசியில் கதை மாறுகிறது. இந்தோனேசியா பக்கம் மழை வற்றிக் கிடக்க, அங்கிருந்து இந்தியப் பெருங்கடலின் மேல் கீழைக்காற்று வலுக்கிறது. அது சுமந்து வரும் ஈரம் இலங்கையையும் தென் தமிழகத்தையும் ஒட்டிக் குவிகிறது. நம் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழை, எல் நினோ ஆண்டுகளில் பெரும்பாலும் கூடுதலாகப் பெய்வது இதனால்தான்.

இந்தத் தொடர்பைத் துழாவத் தூண்டியது பஞ்சம். நம் பாட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன 1876–78 பேரழிவின்போது பசிபிக்கில் கடுமையான எல் நினோ இருந்தது இன்று நமக்குத் தெரியும். 1899இல் மறுபடியும் மழை பொய்த்தது. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித அறிஞர். உலகெங்குமிருந்து வந்த அளவுகளை ஒப்பிட்டு, பசிபிக்கில் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடலில் இறங்குவதையும், இங்கே ஏறும்போது அங்கே இறங்குவதையும் கண்டார். அந்த ஊஞ்சலுக்கும் கடலின் சூட்டுக்கும் உள்ள உறவை யாக்கோப் பியர்க்னஸ் விளக்கியது 1969இல்தான். வாக்கர் பசிபிக்கைப் பார்த்தது பட்டினியைத் தடுக்க வேண்டும் என்ற தவிப்பில். அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் பசிபிக் மட்டும் முடிவு செய்வதில்லை. 1997இன் மாபெரும் எல் நினோவிலும் இந்தியாவில் சராசரியைவிடச் சற்றே கூடுதலாக மழை பெய்தது. அந்த ஆண்டு நம் கடலின் மேற்குப் பகுதி சூடேறி, சுமத்ரா பக்கம் குளிர்ந்திருந்தது. ‘இந்தியப் பெருங்கடல் இருமுனை’ என்று 1999இல் பெயர் பெற்ற இந்த ஏற்றத்தாழ்வு, எல் நினோவின் கையைக் கட்டிவிட வல்லது.

எல் நினோவுக்கு எதிராக, பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடக் குளிரும் லா நினாவும் அப்படித்தான். லா நினா இருந்த 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்து பயிர் கருகியது. 2021இலும் லா நினாதான். மழையோ 59 சதவீதம் அதிகம். கடல் காட்டுவது சாய்வை மட்டுமே, தீர்ப்பை அல்ல.

அடுத்த முறை எல் நினோ அறிவிப்பு வந்தால், ஆடியில் தண்ணீரை அளந்து செலவிடுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் ஏரிக்கரையையும் வரத்துக் கால்வாயையும் சீர்செய்யும்படி உங்கள் ஊராட்சியைக் கேளுங்கள்.