கொர்பானும் தாய் தந்தையர் கடனும்

‘கொர்பான்’ என்பது எபிரேயச் சொல். கடவுளுக்கென்று விடப்பட்ட காணிக்கை என்பது பொருள். தன் உடைமையை அவ்வாறு நேர்ந்துவிட்ட மகன், அதனைக்கொண்டு முதிய பெற்றோருக்கு உதவ வேண்டுவதில்லை எனும் வழக்கத்தையே இயேசு கடிந்தார். மாற்கு சுவிசேஷம் 7 ஆம் அதிகாரத்தில் இதனைக் காணலாம். இதற்காக யூத சமயம் முழுவதையும் பழித்தல் நேர்மையன்று. பெற்றோரின் கண்ணியங்கருதிப் பொருத்தனையை அவிழ்க்கலாமென்று ரபி எலியேசர் வாதிட்டதையும், மகனுக்கும் பெற்றோருக்கும் இடைப்பட்ட பொருத்தனைகளில் ஏனைய அறிஞர் அவருடன் இசைந்ததையும் மிஷ்னா கூறுகின்றது.

இலங்கைத் தோட்டத் தமிழரிடையே ஊழியஞ் செய்யவென ‘தமிழ்க் கூலி மிஷன்’ 1854 இல் தொடங்கிற்று. (பெயரே ஒரு வரலாறு!) வலப்பனை மலைகளில் கொழுந்து பறித்து மூத்தவள் ஒருத்தியை எண்ணுக. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியைப் பெறலாம். அஃது ஒருமுறை வருந் தொகை. மாதந்தோறும் வரும் ஓய்வூதியமன்று. மகளின் கலியாணத்தில் அது கரைந்துவிட்டால், லயத்துக் காம்பிராவில் இருப்பவளுக்குக் கொழும்பிலுள்ள மகன் அனுப்புவதே கஞ்சி.

அம்மகன் கோயிற் கட்டட நிதிக்குப் பொருத்தனை பண்ணிக்கொண்டு, தாய்க்கு அனுப்புவதை நிறுத்தினால் அதற்குப் பெயர் யாது? அறுப்பின் பண்டிகையிலே கொடுத்தோர் பெயரை உரக்க வாசிக்கும் போதகர், அவனைத் தனியே அழைத்து, “உன் தாய்க்கு மருந்து வாங்கினாயா?” என்று கேட்கலாம். இல்லையென்றால் பணத்தை அவனிடமே திருப்பிக் கொடுக்கலாம்.